காய்க்காத எலுமிச்சையை மிரட்டுதல்

ஜூன் 2, திங்கள்

கோமுவை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டோம். வந்துவிட்டாள். முதலில் அதை எழுதிக்கொள்கிறேன், மற்றதெல்லாம் அப்புறம்.

டாக்டரம்மா தினமும் எழுதச் சொல்லியிருக்கிறார்கள். பிள்ளை என்ன சாப்பிட்டாள், தூங்கினாளா, யாரிடமாவது பேசினாளா என்று. பிளவுஸ் அளவு தவிர நான் வேறு எதையும் எழுதி வருஷக்கணக்காகிறது. ஜவுளிக்கடையில் கொடுத்த டைரி ஒன்று சும்மா கிடந்தது. அதில் எழுதுகிறேன்.

கிளம்பும்போது டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "கொஞ்ச நாளைக்கு மாத்திரை, மருந்து, கத்தி, கூரான சாமான் எதுவும் பிள்ளை கைக்கு எட்டாம வச்சுக்கோங்கம்மா. தனியா விடாதீங்க" என்றார்கள். நல்ல ஆளிடம் சொன்னார்கள். நான் தையல்காரி. என் வீட்டில் கூராக இல்லாத சாமான் எது என்றுதான் தேட வேண்டும்.

கத்தரி எல்லாம், பிளேடு, ஊசிப் பெட்டி, அரிவாள், அரிவாள்மனை, இவருடைய சவர சாமான், எல்லாவற்றையும் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டேன். சாவி என் தாலிச் செயினில். இவர் கோமுவின் அறைக் கதவில் உள்தாழ்ப்பாளைக் கழற்றினார். ஸ்க்ரூ இருந்த இடத்தில் ஓட்டைகள் மட்டும் இருக்கின்றன. கழற்றி முடித்துவிட்டு, லோடு இருக்கிறது என்று ஆட்டோவை எடுத்துக்கொண்டு எலுமிச்சை மண்டிக்குப் போனார். இன்று அவருக்கு லோடு கிடையாது என்று எனக்குத் தெரியும்.

தெருவுக்கு ஃபுட் பாய்சன் என்று சொல்லியிருக்கிறோம். ஹாஸ்டல் சாப்பாடு அப்படித்தான் என்று எல்லோரும் தலையை ஆட்டுகிறார்கள்.

சாப்பாடு: இட்லி இரண்டு. பேச்சு: இல்லை.

ஜூன் 4

அரிவாள்மனை இல்லாமல் சமைத்துப் பார்த்தால்தான் அதன் அருமை தெரியும். கீரையைக் கிள்ளிப் போட்டேன். பீன்ஸை ஒடித்துப் போட்டேன். சின்ன வெங்காயத்தை உரித்து முழுசாகப் போட்டேன். கத்தரிக்காய் வாங்கி வந்துவிட்டு அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். கடைசியில் அடுப்பில் சுட்டுப் பிசைந்தேன்.

"என்னளா, சாம்பார்ல வெங்காயம் கோலிக்குண்டு மாதிரி உருளுது?" என்றார் இவர். கேட்டுவிட்டு அவருக்கே ஞாபகம் வந்துவிட்டது. இன்னொரு கரண்டி வாங்கிச் சாப்பிட்டார்.

கோமு சாப்பாட்டைத் தொட்டாள். அவ்வளவுதான்.

ஜூன் 7

ஆனி மாதம் வரப்போகிறது, வரிசையாகக் கல்யாணம். பிளவுஸ் துணியைத் தூக்கிக்கொண்டு காலையிலிருந்து ஆள் வருகிறது. கண் சரியில்லை, ஊசி கோக்க முடியவில்லை என்று சொல்லித் திருப்பி அனுப்புகிறேன். ஒருத்தி போய்விட்டு மதியம் கண்ணுக்குச் சொட்டு மருந்தோடு திரும்பி வந்தாள். "ஒன் கை பட்டாத்தான் எனக்குச் சரியா நிக்கும், சீக்கிரம் கண்ணச் சரி பண்ணு ஆவுடை" என்கிறாள். வாங்கி அதையும் பீரோவில் பூட்டினேன்.

ஜூன் 10

கோமு ஜன்னல் பக்கம் உட்கார்ந்து பின்கட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். பார்ப்பதற்கு அங்கே இருப்பது எலுமிச்சை மரம் ஒன்றுதான்.

அந்த மரத்தைப் பற்றி எழுதாமல் இருப்பதே நல்லது. ஊர் புளியங்குடி. எந்தப் பக்கம் திரும்பினாலும் எலுமிச்சை. இங்கிருந்து லாரி லாரியாகப் போகிறது. ஏற்றிப் போகிற இவர் வீட்டில் நான் கடையில் காசு கொடுத்து எலுமிச்சம்பழம் வாங்குகிறேன். கோமு ஆறாவது படிக்கும்போது நட்டது. மாடி உயரத்துக்கு வளர்ந்து, உள்ளே சூரியன் நுழையாமல் இலையாக அடைத்துக்கொண்டு நிற்கிறது. ஒரு பிஞ்சு கிடையாது. தண்டச்சோறு என்றுதான் அதற்குப் பெயர் வைத்திருந்தேன்.

சாயங்காலம் கோமு தானாகப் பேசினாள். "அந்தக் கெள காஞ்சு போச்சும்மா."

நான்கு வார்த்தை. இவர் ஆட்டோவை நிறுத்தக்கூட விடாமல் வாசலிலேயே சொல்லிவிட்டேன்.

ஜூன் 14

காய்ந்த கிளைகளைக் கையால் ஒடித்துவிடலாம் என்று இறங்கினேன். அரிவாள் இருக்கிற இடம் தெரிந்ததே. நுனியிலிருந்து காய்ந்துகொண்டே கீழே இறங்குகிறது. ஒடித்தால் பாதியில் நார் நாராகக் கிழிகிறது. கிழிந்த மரத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. அந்தக் கோபத்தில் ஒரு கிளையைப் பிடித்து இழுத்தேன். முள் உள்ளங்கையில் ஏறி உள்ளேயே ஒடிந்துவிட்டது.

முனகினது கேட்டு கோமு வெளியே வந்தாள். அவள் அறையை விட்டுப் பின்கட்டுக்கு வந்தது இதுதான் முதல் தடவை. கையை வாங்கிப் பார்த்து, "ஊசி எங்க?" என்றாள்.

மறு கை தானாகச் செயினுக்குப் போனது. அவள் புரிந்துகொண்டாள். முகம் ஒரு மாதிரி ஆனது. கோபம் இல்லை, அதைவிட மோசமானது. பிறகு என் செயினில் கோத்திருந்த ஊக்கை அவளே கழற்றினாள். சாவி அதற்குப் பக்கத்தில்தான் தொங்கியது. அதைத் தொடவில்லை. முள்ளை எடுத்து, மஞ்சள் வைத்து, ஊக்கைத் திரும்ப மாட்டிவிட்டாள்.

வலிக்குதா என்று கேட்டாள். இல்லை என்றேன். பொய். நன்றாக வலிக்கிறது, வலிக்கட்டும்.

ஜூன் 15

விடியும்வரை தூங்கினேன். நான்.

ஜூன் 20

பக்கத்து வீட்டுப் பூரணம் மதினியோடு சண்டை.

மதினியின் வீட்டுக்காரர் மண்டியில் பழம் தரம் பிரிக்கிறவர். எலுமிச்சையைப் பற்றி மதினிக்குத் தெரியாதது இல்லை. தெரிந்ததைச் சொல்லாமலும் இருக்க முடியாது. துவைக்கிற தண்ணீரை நான் மரத்துக்குத் திருப்பிவிட்டதை மதில் மேல் எட்டிப் பார்த்துவிட்டு, "காய்க்காத மரத்துக்கு எதுக்குளா இவ்வளவு தண்ணி? வெட்டிப் போடு. எடமாவது மிஞ்சும்" என்றாள்.

சாதாரணமாகச் சொன்னதுதான். எத்தனையோ தடவை நானே சொன்னதுதான். ஆனால் கோமு துவைக்கிற கல்லில் உட்கார்ந்திருந்தாள். கல்லூரியில் நாலு பாடத்தில் ஃபெயிலாகிவிட்டு வந்த பிள்ளை.

"எங்க வீட்டு மரத்தப் பத்தி ஒரு வார்த்த பேசக்கூடாது மதினி! ஒங்க வீட்டு மரத்துல காய்ச்சுத் தொங்குதுன்னா அதப் பாத்துக்கிட்டுப் போங்க!"

தெருமுனை வரை கேட்டிருக்கும். மதினியின் தலை மதிலுக்குக் கீழே போய்விட்டது. பாவம், அவளுக்கு ஒன்றும் தெரியாது. ஃபுட் பாய்சனுக்கு ரசம் வைத்துக் கொடுத்தனுப்பியவள்.

கோமு என்னையே பார்த்தாள். "மரத்துக்காகவா இந்தச் சண்ட?" என்றாள்.

மரத்துக்காகத்தான் என்றேன்.

ஜூன் 24

டாக்டரம்மாவிடம் போய் வந்தோம். என்னை வெளியே உட்கார வைத்துவிட்டு கோமுவிடம் வெகுநேரம் பேசினார்கள். அப்புறம் என்னைக் கூப்பிட்டு, நன்றாகத் தேறி வருகிறாள், இனி கொஞ்ச நேரம் தனியாகவும் விட்டுப் பாருங்கள் என்றார்கள். இந்த டைரியையும் வாங்கிப் பார்த்தார்கள். "மரத்தப் பத்தியே எழுதியிருக்கீங்க?" என்று சிரித்தார்கள்.

தனியாக விடவேண்டுமாம். சொல்லிவிடுவது சுலபம்.

ஜூலை 2, புதன்

இதை ஒழுங்காக எழுத வேண்டும்.

ரேஷன் கடைக்குப் போனேன். டாக்டரம்மா சொன்னதற்காகத்தான் போனேன். கோமு வாசலில் உட்கார்ந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தாள். வரிசையில் என் முறை வருவதற்குள் எத்தனை தடவை திரும்பி ஓடலாம் என்று நினைத்தேன்! பல்லைக் கடித்துக்கொண்டு நின்று அரிசி வாங்கினேன். பாதி வழியில் கழுத்தைத் தடவினால் செயின் இல்லை. குளிக்கும்போது கழற்றி ஆணியில் மாட்டியது, மாட்டியபடியே வந்துவிட்டேன்.

அரிசியை எங்கே போட்டேன் என்று தெரியாது. வீட்டுக்குள் நுழைந்தால் வாசலில் பேப்பர் கிடக்கிறது, பிள்ளை இல்லை. பீரோ திறந்து கிடக்கிறது. என் பெரிய கத்தரி, துணி வெட்டுகிற கத்தரி, அதைக் காணோம். அவள் அறையில் இல்லை. குளியலறையில் இல்லை. பின்கட்டுக்கு எப்படிப் போனேன் என்று இப்போது யோசித்தாலும் தெரியவில்லை.

துவைக்கிற கல்லின் மேல் ஏறி நின்றுகொண்டு, கோமு மரம் வெட்டிக்கொண்டிருந்தாள்.

தலையெல்லாம் இலை. மூக்கு நுனியில் வேர்வை. கீழே காய்ந்த கிளைகள் ஒரு கட்டு. நாக்கைத் துருத்திக்கொண்டு, என் கத்தரியின் இரண்டு கைப்பிடியையும் இரண்டு கையால் பிடித்து, விரல் தண்டிக் கிளை ஒன்றை நறுக் நறுக்கென்று மென்றுகொண்டிருந்தாள்.

நான் அழுதிருக்க வேண்டும். ஓடிப் போய்க் கட்டிக்கொண்டிருக்க வேண்டும். என் வாயில் வந்தது இது:

"ஏட்டி கூறுகெட்ட மூதி! துணி வெட்டுத கத்தரியிலயா மரத்த வெட்டுத? அறிவிருக்கா ஒனக்கு?"

அந்தக் கத்தரியால் நான் காகிதம்கூட வெட்ட மாட்டேன். மூன்றாம் வகுப்பில் இவள் அதை வைத்துப் படம் வெட்டியதற்கு முதுகில் ஒன்று வைத்திருக்கிறேன்.

கோமுவும் கல் மேல் நின்றபடியே கத்தினாள். "வேற என்னத்த வச்சு வெட்ட? எல்லாத்தையும்தான் பூட்டி வச்சிருக்கியே! காய்கறி வெட்ட அருவாமனை கெடையாது. கதவுக்குத் தாப்பா கெடையாது. ஒரு ஊசி கேட்டா பேயப் பாத்த மாதிரி பாக்க!"

"பூட்டாம என்ன செய்யச் சொல்லுத? எனக்கு வேற என்னட்டி தெரியும்?"

இரண்டு பேருக்கும் மூச்சு வாங்கியது. கோமு இறங்கினாள். கத்தரியைப் பாவாடையில் துடைத்து, கைப்பிடி என் பக்கம் இருக்கும்படி நீட்டினாள். சின்னப் பிள்ளையில் நான் பழக்கியது.

"இப்ப எனக்கு அப்படித் தோணலம்மா" என்றாள். "தோணுச்சுன்னா ஒங்கிட்ட வந்து சொல்லுதேன். சத்தியமா."

இத்தனை நாளில் அந்த விஷயத்தை எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுப் பேசியதில்லை. நான் துவைக்கிற கல்லிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் தலையிலிருந்த இலைகளை எடுத்துக்கொண்டிருந்தேன். எலுமிச்சை வாசம் கும்மென்று அடித்தது.

மதில் மேல் பூரணம் மதினியின் தலை முளைத்தது. "அப்பாடா! ஒங்க வீட்டுல சத்தம் கேட்டு எவ்வளவு நாளாச்சு! என்னமோ ஏதோன்னு கெடந்தேன். இப்பத்தான் எனக்கு நிம்மதி" என்றாள். பிறகு நாங்கள் இருவரும் இருந்த கோலத்தைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் இறங்கிப் போனாள். எல்லாம் புரிந்துவிட்டது போல. கொஞ்ச நேரத்தில் முன்வாசல் வழியாக வந்தாள். என் ரேஷன் அரிசிப் பையைத் தெருவிலிருந்து தூக்கிக்கொண்டு.

ஜூலை 4

கத்தரியின் வாய் போய்விட்டது. சாணைக்குக் கொடுத்திருக்கிறேன். சாணைக்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "என்னத்தம்மா வெட்டுன? மரத்தையா?" என்றார். ஆமாம் என்றேன். நான் விளையாடுவதாக நினைத்துச் சிரித்தார்.

இவர் மண்டியிலிருந்து மரம் வெட்டுகிற கத்தரியும் சின்ன ரம்பமும் இரவல் வாங்கி வந்தார். மதினி மதிலில் சாய்ந்துகொண்டு அதிகாரம் செய்ய, நாங்கள் மூன்று பேரும் வேலை செய்தோம். காய்ந்த கிளையைப் பச்சை தெரிகிற இடம் வரை வெட்ட வேண்டும். அடிமரத்திலிருந்து நெட்டுக்குத்தாக எழுந்து நிற்கிற போத்துகளை அடியோடு எடுக்க வேண்டும். அவை சத்தை உறிஞ்சுமே தவிரக் காய்க்காது. நடுவில் வெயில் இறங்க வழி விட வேண்டும். இவர் பாவம் பார்த்துப் பார்த்து நுனியை மட்டும் வெட்டினார். கோமு அவர் கையிலிருந்து ரம்பத்தை வாங்கிக்கொண்டாள். வாங்கியதை நான் பார்த்தேன், பேசாமல் இருந்தேன்.

வெட்டின இடத்தில் பூச மருந்து தருவதாக மதினி சொன்னாள். மருந்து எதுவும் வீட்டுக்குள் வர வேண்டாம் என்றேன். மதினி ஏன் என்று கேட்கவில்லை. சாணியும் மஞ்சளும் குழைத்துப் பூசினோம்.

மரம் பாதியாகிவிட்டது. பின்கட்டில் இவ்வளவு வெளிச்சம் இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

இன்றைக்கு அரிவாள்மனையை வெளியே எடுத்தேன். கோமு வெங்காயம் நறுக்கினாள். கண்டபடி நறுக்கினாள். இவர் சாம்பாரைக் குனிந்து பார்த்துவிட்டு, "சின்னதா இருக்கு" என்று மட்டும் சொன்னார்.

ஜூலை 11

மதினியின் அடுத்த உத்தரவு: தண்ணீரை நிறுத்து. "நீ ஊத்தி ஊத்தித்தான் அதக் கெடுத்த. எல வாடுத வரைக்கும் விடு. இனிமே பொழைக்க மாட்டோம்னு தோணுனாத்தான் அது பூக்கும்" என்றாள். துவைக்கிற தண்ணீரை வாய்க்கால் வெட்டி முருங்கைக்குத் திருப்பியாயிற்று. குற்றாலத்தில் சாரல் என்கிறார்கள். எங்களுக்கு வெறும் காற்றுதான்.

ஜூலை 14

இலையெல்லாம் சுருண்டு தொங்குகிறது. கோமு குளிக்கப் போயிருந்தபோது யாருக்கும் தெரியாமல் ஒரு செம்பு தண்ணீர் கொண்டுபோனேன். பின்னாலேயே வந்து நிற்கிறாள், தலையில் துண்டோடு.

"ஒன்னால சும்மாவே இருக்க முடியாதாம்மா?"

தண்ணீரை நானே குடித்துவிட்டேன்.

ஜூலை 18, ஆடி முதல் வெள்ளி

இன்று மரத்தை மிரட்டினோம்.

இந்தப் பக்கத்தில் எல்லோரும் செய்வதுதான். ஒரு ஆள் அரிவாளை ஓங்கிக்கொண்டு, காய்க்காவிட்டால் வெட்டிவிடுவேன் என்று மரத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். இன்னொரு ஆள் குறுக்கே வந்து, வேண்டாம், விட்டுவிடு, இந்தத் தடவை கட்டாயம் காய்க்கும், நான் பொறுப்பு என்று சொல்ல வேண்டும். மரத்துக்குக் காது கேட்கும் என்பது மதினியின் கட்சி.

மதினி காலையிலேயே குளித்து, பொட்டு வைத்த அரிவாளோடு வந்துவிட்டாள். "வளத்தவதான் தடுக்கணும். நீ தடு. ஒன் வீட்டுக்காரர் வெட்டட்டும்" என்றாள்.

இவர் லோடுக்குப் போய்விட்டார். நிஜமான லோடு.

"நான் வெட்டுதேன் அத்த" என்று கோமு அரிவாளை வாங்கிக்கொண்டாள்.

என் கை தானாகக் கழுத்துக்குப் போனது. அங்கே இப்போது சாவி கிடையாது. கையைக் கீழே போட்டேன்.

கோமு சேலையை வரிந்து கட்டுகிற மாதிரி தாவணியை இழுத்துச் செருகிக்கொண்டு மரத்தின் முன்னால் போய் நின்றாள். பள்ளிக்கூட நாடகத்தில் ராஜா வேஷம் போட்ட பிள்ளை. குரல் எடுத்தாள்.

"ஏ மரமே! எட்டு வருசமா எங்க வீட்டுத் தண்ணியக் குடிச்சிட்டு ஒத்தக் காய் தரல நீ! ஊர்ல இருக்க மரமெல்லாம் காய்க்கல? ஒனக்கு மட்டும் என்ன கேடு? இந்தத் தடவ காய்க்கலன்னா பாத்துக்கோ, வேரோட வெட்டிருவேன்!"

அரிவாள் வெயிலில் மேலே நின்றது. நான் சொல்ல வேண்டிய முறை. மதினி என்னை இடித்தாள். நேற்றிலிருந்து சொல்லிப் பார்த்துக்கொண்ட வார்த்தைதான், நாக்கில் வரவில்லை. குறுக்கே போய் நின்றேன். எதிரே கோமு. முதுகில் மரம்.

"வேண்டாம்ட்டி" என்றேன். "வெட்டாத. காய்க்கலன்னாலும் பரவால்ல. இருந்தாப் போதும். சும்மா நின்னாப் போதும் எனக்கு."

மதினி நெற்றியில் அடித்துக்கொண்டாள். "போச்சு! எல்லாம் போச்சு! இப்படிச் சொன்னா மரத்துக்கு எங்கேருந்துளா பயம் வரும்? திருப்பிச் சொல்லு, காய்க்கும்னு சொல்லு! அதுக்குக் கேக்கும்!"

கோமு அரிவாளைக் கீழே இறக்கினாள். சிரிக்கிற மாதிரியும் இருந்தது, கண்ணிலிருந்து கொட்டிக்கொண்டும் இருந்தது.

"கேட்டுருச்சு அத்த" என்றாள்.

அப்புறம் குழி வெட்டி, எரு போட்டு, குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினோம்.

ஆகஸ்ட் 3, ஆடிப் பெருக்கு

மரம் துளிர்விட்டிருக்கிறது. செம்பு நிறத்தில் சின்னச் சின்ன இலை.

தையல் மிஷினைத் துடைத்து எண்ணெய் விட்டேன். கண் சரியாகிவிட்டது என்று சொன்னதும், சொட்டு மருந்துக்காரி தன் மருந்தால்தான் என்று தெருவெல்லாம் சொல்லிவிட்டாள். சொல்லிக்கொள்ளட்டும்.

இந்த வருஷம் கல்லூரிக்குப் போக வேண்டாம், அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று இவர் கோமுவிடம் சொன்னார். கொஞ்சம் கழித்து, "பாக்காட்டாலும் சரிதான்" என்றார். நான் சொல்லிக்கொடுக்கவில்லை. அவராகச் சொன்னது.

ஆகஸ்ட் 9

கோமுவுக்கு இன்று மனசு சரியில்லை. வந்து சொன்னாள். சொன்னபடி வந்து சொன்னாள். அவளோடு படுத்துக்கொண்டேன், சாயங்காலம் டாக்டரம்மாவிடம் போய் வந்தோம். இப்போது தூங்குகிறாள்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

மரத்தில் மொட்டு. ஓரங்களில் ஊதா ஓடிய வெள்ளை மொட்டு. மதினி தன் மிரட்டல் வேலை செய்துவிட்டது என்கிறாள். எத்தனை நிற்கும், எத்தனை உதிரும் என்று தெரியாது. கோமு எண்ணுகிறாள். நான் எண்ணவில்லை.

காலையில் இவர் கோமு அறைத் தாழ்ப்பாளைத் திரும்ப மாட்டினார். பழைய ஓட்டை லூசாகிவிட்டதால் தீக்குச்சியை ஒடித்து உள்ளே சொருகி ஸ்க்ரூவை முறுக்கினார். மாட்டச் சொன்னது நான்தான்.

மதியம் கோமு துணி மாற்ற அறைக்குள் போனாள். நான் அடுக்களையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். உள்ளே தாழ்ப்பாள் போடுகிற சத்தம் கேட்டது.

எழுந்திருக்கவில்லை. மீதி வெங்காயத்தையும் நறுக்கி முடித்தேன்.